முப்பதுக்குக் கீழே

விக்கிரமங்கலத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் ஒரு கிராமத்தில், துணை சுகாதார நிலையத்தில் நான் நர்சாக இருந்த வருடங்கள் அவை. தொண்ணூறுகளின் கடைசி. அரியலூர் அப்போது பெரம்பலூர் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. துணை சுகாதார நிலையம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். முன்னால் ஓர் அறை, அதில் ஒரு மேசை, ஒரு கட்டில், குழந்தைகளை எடை பார்க்கும் கருவி. பின்னால் ஓர் அறை, அதில் நான். ஊர் முடிந்து சோளக்காடு தொடங்கும் இடத்தில் கட்டியிருந்தார்கள். கட்டும்போது அங்கே ஒரு பெண் தனியாகத் தங்கப் போகிறாள் என்று யாரும் யோசித்ததாகத் தெரியவில்லை. யோசித்திருந்தால் கதவுக்கு உள்பக்கம் ஒழுங்கான ஒரு தாழ்ப்பாளாவது வைத்திருப்பார்கள்.

என் கணவர் துபாயில் டிரைவர். ஓர் அரபுக் குடும்பத்துக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தார். கல்யாணம் ஆன மறு வருடமே போனவர், இரண்டு வருடத்துக்கு ஒரு முறை இரண்டு மாத லீவில் வருவார். எங்களுக்குக் குழந்தை இல்லை. ஊரில் பிறக்கும் பிள்ளைகளுக்கெல்லாம் சொட்டு மருந்து ஊற்றுகிறவளாக இருந்ததால், என்னிடம் அந்தக் கேள்வியைக் கேட்காத தாய் கிடையாது.

"ஒங்களுக்கு எத்தன புள்ளைங்க நர்சம்மா?"

"நீங்க பெத்ததெல்லாம் எனக்குந்தான்" என்று சிரிப்பேன். சிரித்துவிட்டு வந்து கதவைச் சாத்தினால் எரிச்சல் எரிச்சலாக வரும். கேட்டவர்கள் மேல் இல்லை. யார் மேல் என்று தெரியாததால்தான் அது எரிச்சல். தெரிந்திருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருப்பேன். எனக்கு அதில் ஒன்றும் கூச்சம் கிடையாது.

கடிதம் எழுதுவது அவருக்கு வராது. அதனால் கேசட்டில் பேசி அனுப்புவார். அங்கிருந்து லீவில் வரும் நம் பக்கத்து ஆட்கள் யாரிடமாவது கொடுத்துவிடுவார். அவர்கள் வேலையெல்லாம் முடிந்து, சாவகாசமாக, சில சமயம் திரும்பிப் போவதற்கு முந்தின நாள் கொண்டுவந்து கொடுப்பார்கள். அரபி வீட்டுப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிவரப் போய்க் காத்திருக்கும் நேரத்தில், காருக்குள் உட்கார்ந்தே அவர் பேசிப் பதிவு செய்வார். அதனால் அவர் குரலோடு ஏ.சி. ஓடும் சத்தமும், சில சமயம் இன்டிகேட்டர் அடிக்கும் டிக் டிக் சத்தமும் சேர்ந்து வரும். நடுவில் திடீரென்று "இரு, புள்ளைங்க வருது" என்பார். அத்தோடு கேசட் கொஞ்ச நேரம் வெறுமனே ஓடும். அந்த வெறும் ஓட்டத்தையும் நான் நிறுத்தாமல் கேட்பேன்.

என் பொறுப்பில் இருந்த கிராமங்கள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருந்தன. தடுப்பூசிப் பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு, பஸ் வந்தால் பஸ், வராவிட்டால் நடை. என் போன்ற நர்சுகளுக்கு மொபெட் வாங்கித் தர ஆபீசில் ஏற்பாடு செய்தபோது முதல் ஆளாகப் பெயர் கொடுத்தேன். அதை அவருக்குச் சொல்லி அனுப்பியதும் பதில் கேசட் வந்தது.

"வண்டி வருதுன்னு கேட்டு சந்தோசமா இருக்கு. ஆனா லைசென்ஸ் எடுக்காம அதுல காலு வெக்கக் கூடாது. சொல்லிட்டேன். நான் இங்க லைசென்ஸுக்காக எத்தன தடவ ஃபெயிலாயி, எவன் எவன்கிட்டல்லாம் திட்டு வாங்குனேன்னு ஒனக்குத் தெரியாது. லைசென்ஸுங்கறது வெளையாட்டு இல்ல."

கொஞ்ச நேரம் ஏ.சி. சத்தம் மட்டும். பிறகு குரல் இறங்கி வந்தது.

"அடுத்த லீவுக்கு வரும்போது நான் அரியலூரு பஸ் ஸ்டாண்டுல எறங்கிக்கறேன். நீ வண்டியோட வந்து நில்லு. என்னையப் பின்னாடி ஒக்கார வெச்சுக் கூட்டிட்டுப் போ. எத்தன வருசமா நான் எல்லாரையும் ஏத்திக்கிட்டுப் போறேன். ஒரே ஒரு தடவ என்னைய யாராவது ஏத்திக்கிட்டுப் போனா என்னா?"

கல்யாணம் ஆனதிலிருந்து அவர் என்னிடம் ஆசைப்பட்டுக் கேட்டது அது ஒன்றுதான். மற்றதெல்லாம் நான்தான் கேட்பேன், எப்போது வருவீர்கள் என்று. அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அவர் வருவதற்குள் லைசென்ஸ் வாங்கி, அரியலூர் பஸ் ஸ்டாண்டில் வண்டியோடு நின்றே தீர்வது என்று முடிவு செய்தேன். அந்தச் சமயத்தில் எனக்கு அதைவிடப் பெரிய காரியம் உலகத்தில் எதுவும் இல்லை.

லைசென்ஸுக்கு முதல் படி எல்.எல்.ஆர். பழகுவதற்கான அனுமதி அது. அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீசில் கேள்வி கேட்பார்கள். அது கிடைத்து ஒரு மாதம் பழகின பிறகுதான் எட்டுப் போட விடுவார்கள். எட்டுப் போடுவது என்றால், தரையில் எட்டு வடிவத்தில் கோடு போட்டு, காலை ஊன்றாமல் அதில் வண்டியை ஓட்டிக் காட்டுவது. எட்டைப் பற்றித்தான் எல்லோரும் பயப்படுவார்கள். கேள்வியைப் பற்றி யாரும் கவலைப்பட மாட்டார்கள். பெரம்பலூர் டிரைவிங் ஸ்கூல்காரரும் அப்படித்தான் சொன்னார்.

"நாலு சிக்னல் படத்தக் காட்டி என்னான்னு கேப்பாங்க சிஸ்டர். எதுலயாவது குறுக்க கோடு போட்டிருந்தா 'கூடாது'ன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஸ்பீடெல்லாம் கேக்கவே மாட்டாங்க."

எனக்கு அது போதவில்லை. எதையும் அரைகுறையாகப் படித்துவிட்டுப் போய் நிற்பது எனக்குப் பிடிக்காது. வீட்டிலேயே ஒரு டிரைவர் இருக்கும்போது இவர் எதற்கு என்றும் ஒரு திமிர். கேசட்டில் கேட்டு அனுப்பினேன். அவரும் வாத்தியார் மாதிரி நிதானமாகப் பேசி அனுப்பினார். திரும்பும் முன்னால் எவ்வளவு தூரத்தில் இன்டிகேட்டர் போட வேண்டும், முன்னால் போகிற வண்டிக்கு எவ்வளவு இடம் விட வேண்டும், எல்லாம் சொன்னார். "டவுனுக்குள்ள சின்ன ரோடுன்னா அறுபது. பெரிய ரோடுன்னா எம்பது. அதத் தாண்டுனா பளிச்சுன்னு போட்டோ புடிச்சுருவான். பள்ளிக்கூடத்துக்கிட்ட நாப்பது" என்றார்.

சோறு வடிக்கும்போதும், துணி மடிக்கும்போதும், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சும்மா படுத்திருக்கும்போதும் அதைப் போட்டுக் கேட்டேன். பாடத்துக்காகக் கேட்டேனா, குரலுக்காகக் கேட்டேனா என்று இப்போது கேட்டால், குரலுக்காகத்தான். ஆனால் பாடமும் மனப்பாடம் ஆகிவிட்டது.

தேர்வு நாளன்று காலை முதல் பஸ்ஸில் கிளம்பி, அரியலூரில் மாறி, பெரம்பலூர் போய்ச் சேர்ந்தேன். வரிசையில் பெண் என்று பார்த்தால் நான் மட்டும்தான். டிராக்டர் ஓட்டுகிறவர்கள், சுண்ணாம்புக்கல் லாரிக்குப் போக இருப்பவர்கள், புது பைக் வாங்கின இளவட்டங்கள். உள்ளே பிரேக் இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருந்தார். மோட்டார் வாகன ஆய்வாளர் என்பதுதான் அவர் பதவி. எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள், பிரேக் இன்ஸ்பெக்டர்தான். சுவரில் இருந்த படங்களில் ஒவ்வொன்றாகக் குச்சியை வைத்தார். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொன்னேன். அவருக்கே என் மேல் ஒரு மரியாதை வந்திருக்க வேண்டும். வேறு யாரிடமும் கேட்காததை என்னிடம் கேட்டார்.

"நல்லாப் படிச்சிட்டு வந்திருக்கீங்க. டவுனுக்குள்ள எவ்வளவு ஸ்பீடுல போகலாம்?"

"எம்பதுங்க சார்" என்றேன், பள்ளிக்கூடத்தில் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவள் மாதிரி.

அவர் குச்சியை மேசை மேல் வைத்தார்.

"என்ன வண்டி ஓட்டப் போறீங்க?"

"மொபெட்டுங்க சார்."

"மொபெட்டு எம்பது போகுமாம்மா? மலையில இருந்து உருட்டி விட்டாக்கூடப் போகாதே!"

பின்னால் வரிசையே சிரித்தது. எனக்கு முகம் சுட்டது. விட்டிருக்கலாம். வாய் சும்மா இருக்காதே.

"எங்க வீட்டுக்காரரு டிரைவருங்க சார். அவருதான் சொன்னாரு."

"எந்த ஊருல ஓட்டுறாரு?"

"துபாயிலங்க."

இப்போது அவரும் சிரித்துவிட்டார். கேலியாக இல்லை. இருந்தாலும் சிரிப்பு சிரிப்புதான்.

"ஏம்மா, இது பெரம்பலூரும்மா. டவுனுக்குள்ள நுழையற எடத்துல வட்டமா, செவப்பு கரை போட்டு, முப்பதுன்னு போர்டு வெச்சிருக்கு. அரியலூருலயும் இருக்கு. அந்த வழியாத்தான வந்தீங்க, பாக்கலியா?"

பார்க்கவில்லை. வருடக் கணக்காக அந்த ரோட்டில் போய் வந்துகொண்டிருந்தேன், ஒரு நாளும் பார்த்ததில்லை.

"படிச்சிட்டு இன்னொரு தடவ வாங்க" என்று அனுப்பிவிட்டார்.

வெளியே வந்ததும் டிரைவிங் ஸ்கூல்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "எம்பதுன்னு ஏன் சிஸ்டர் சொன்னீங்க? தெரியலன்னு சொல்லியிருந்தாக்கூட விட்டுருப்பாரே" என்றார். அவரிடமும் ஒரு சண்டை போட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

திரும்பும்போது ஜன்னலோரம் உட்கார்ந்து போர்டைத் தேடினேன். பெரம்பலூரை விட்டு வெளியே போகும்போது போர்டின் முதுகுதான் தெரிந்தது. எழுத்தில்லாத வெறும் தகரம். அரியலூருக்குள் நுழையும் இடத்தில்தான் அதன் முகத்தைப் பார்த்தேன். முப்பது. மூன்றின் பாதியை ஒரு கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மறைத்திருந்தது. யாரோ ஒரு பெரியவர் அதில் வேட்டி சட்டையோடு சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. தோற்றதற்காக இல்லை. தினமும் கண் முன்னால் இருக்கிற ஊரைப் பார்க்காமல், கண்ணால் பார்த்தே இராத ஒரு ஊரின் ரோடுகளை உட்கார்ந்து மனப்பாடம் செய்திருக்கிறேன். அந்த ஊரிலும் நான் இல்லை, இந்த ஊரிலும் நான் இல்லை. பக்கத்தில் இருந்த அம்மாள் "யாரும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டாள். ஆமாம் என்று தலையாட்டி வைத்தேன். வேறு என்ன சொல்வது?

அந்த வெள்ளிக்கிழமை விக்கிரமங்கலம் எஸ்.டி.டி. பூத்துக்கு அவர் போன் வந்தது. வெள்ளிக்கிழமைகளில் வேலை குறைவாக இருந்தால் பேசுவார், நான் பூத்தில் போய்க் காத்திருப்பேன். நான் எடுத்த எடுப்பில் பொரிந்து தள்ளினேன். ஒங்களால எல்லாரு முன்னாடியும் மானம் போச்சு, எம்பதாம் எம்பது, நம்ம ஊருல மாட்டு வண்டிக்கும் கோழிக்கும் நடுவுல எவன் எம்பதுல போவான் என்று. முதலில் விழுந்து விழுந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை என்று தெரிந்ததும் நின்றது. 

"எனக்கு நம்ம ஊரு ரோடே மறந்துபோச்சு போலருக்கு" என்றார். "நெனச்சுப் பாத்தா, சின்ன வயசுல நடந்துபோனதுதான் ஞாபகம் வருது. வண்டி ஓட்டுன மாதிரியே ஞாபகம் இல்ல."

 பூத்தில் இன்னொருவர் வாசலில் நின்று செருமினார். "ஒடம்பப் பாத்துக்கங்க" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லீவு நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னொரு தடவை தோற்றால் அவர் வருவதற்குள் லைசென்ஸ் கிடைக்காது. இந்த முறை கேசட்டைத் தொடவில்லை. ரோட்டைப் பார்த்தேன். பஸ்ஸில் போகும்போதெல்லாம் எங்கே பள்ளிக்கூடப் போர்டு இருக்கிறது, எங்கே வேகத்தடை இருக்கிறது, எங்கே குறுகிய பாலம் என்று பார்த்தேன். கொள்ளு அறுவடை தொடங்கியிருந்த நேரம் அது. எங்கள் பக்கத்தில் கொள்ளுச் செடியைப் பிடுங்கிவந்து தார் ரோட்டிலேயே பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் அதன் மேல் ஏறி மணியை உதிர்த்துக் கொடுத்துவிடும். அங்கே எந்தப் போர்டும் இல்லை, ஆனால் பஸ் டிரைவர் தானாக கியரைக் குறைத்தார். இத்தனை வருடமாக அந்த இடம் வந்தால் பஸ் மெதுவாகும் என்பதுகூட எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மறுபடி போனேன். அதே பிரேக் இன்ஸ்பெக்டர். என்னைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிட்டது. படத்தையெல்லாம் காட்டவில்லை.

"துபாய்ம்மா, சொல்லுங்க. டவுனுக்குள்ள எவ்வளவு?"

"முப்பதுங்க சார்."

"அப்ப முப்பதுலதான் போவீங்களா?"

இது என்ன கேள்வி என்று திகைத்தேன். "ஆமாங்க சார், முப்பதுலதான் போவேன். கூட்டவும் மாட்டேன், கொறைக்கவும் மாட்டேன்."

"தப்பு" என்றார்.

 போச்சு என்று நினைத்தேன்.

"போர்டுல போட்டிருக்கறது அந்த ஸ்பீடுல போங்கன்னு சொல்றதுக்கு இல்லம்மா. அதத் தாண்டாதீங்கன்னு சொல்றதுக்கு. கூட்டமா இருந்தா இருவது. பள்ளிக்கூடம் விட்டுப் புள்ளைங்க வந்தா பத்து. குறுக்க ஆளு வந்தா நின்னே ஆகணும். அதுக்குக் கீழ நீங்க எவ்வளவு வேணாலும் போகலாம். யாரும் ஒங்களப் புடிக்க மாட்டாங்க."

"டானிக் மாதிரிங்களா சார்?" என்று கேட்டுவிட்டேன். "இதுக்கு மேல குடுக்கக் கூடாதுன்னு அளவு போட்டிருப்பாங்க. அதுக்காக எல்லாப் புள்ளைக்கும் அவ்வளவு குடுக்கறது இல்ல."

அவர் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தார். "இத்தன வருசத்துல யாரும் எங்கிட்ட இப்படிச் சொன்னதில்ல" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். அந்தச் சந்தோஷத்தைச் சொல்ல ஆள் இல்லாமல், பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் நின்று தனியாக ஒரு டீ குடித்தேன். பக்கத்தில் நின்ற யாரிடமாவது "எல்.எல்.ஆர். வாங்கிட்டேன்" என்று சொல்லலாமா என்றுகூடத் தோன்றியது. சொல்லவில்லை.

அதற்குள் வந்துவிட்டிருந்த ஆபீஸ் மொபெட்டில் ஒரு மாதம் பழகினேன். இரண்டு தடவை வேலியில் போய் விழுந்தேன். எட்டு ஒன்றும் பெரிதாக இல்லை. காலை ஊன்றாமல் போட்டுவிட்டேன். அவர் வருவதற்கு முந்தின வாரம் லைசென்ஸ் கைக்கு வந்துவிட்டது.

அவருக்குச் சொந்த ஊர் ஆண்டிமடம் பக்கம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு அவர் அண்ணன் வேன் எடுத்துக்கொண்டு போயிருந்தார். பெட்டிகளோடு வேன் ஆண்டிமடம் போக, இவர் மட்டும் அரியலூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிக்கொள்வதாக ஏற்பாடு. அண்ணனுக்கு அதில் கோபம். "வேன் இருக்கையில இது என்னா கூத்து?" என்று கேட்டாராம். இவர் பிடிவாதமாக இறங்கிவிட்டார்.

காலையிலேயே போய்விட்டேன். மொபெட்டைத் துடைத்து, மல்லிகைப்பூ வைத்துக்கொண்டு, நிழலில் நின்றேன். வேன் வந்து நின்றதும் இறங்கினார். கொஞ்சம் பருத்திருந்தார். காதோரம் நரைத்திருந்தது.  "வந்துட்டீங்களா?" என்றேன். "வந்துட்டேன்" என்றார். வேன் போய்விட்டது.

அவர் மொபெட்டைச் சுற்றிவந்து பார்த்தார். டயரை அமுக்கிப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"சாவி குடு."

கொடுத்துவிட்டேன். எத்தனை மாதமாக அந்த ஒரு நொடிக்காகப் படித்து, தோற்று, அழுது, வேலியில் விழுந்து எழுந்திருந்தேன்! அவர் கையை நீட்டினார், என் கை தானாகச் சாவியைக் கொடுத்தது. அவரும் யோசித்துக் கேட்கவில்லை, நானும் யோசித்துக் கொடுக்கவில்லை. முன்னால் அவர் உட்கார்ந்தார். நான் பின்னால் உட்கார்ந்தேன். கேசட்டில் கேட்டதை நினைவுபடுத்தலாமா என்று பார்த்தேன். அதற்குள் வண்டியைக் கிளப்பிவிட்டார்.

வண்டி பஸ் ஸ்டாண்டை விட்டு வெளியே வந்து மெயின் ரோட்டில் திரும்பியது. வேகமாகத் திரும்பினார். அதைவிட மோசம், ரோட்டின் வலது பக்கத்தில் ஏறினார். துபாயில் எல்லா வண்டியும் ரோட்டின் வலது பக்கம்தான் போகும். அத்தனை வருடப் பழக்கம். எதிரே சுண்ணாம்புக்கல் ஏற்றின லாரி ஒன்று நேராக எங்கள் மேல் வந்துகொண்டிருந்தது.

"என்னங்க, இடது பக்கம்! இடது பக்கம்!" என்று கத்தினேன்.

லாரிக்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்து பிரேக் போட்டான். இவர் ஒடித்து, ரோட்டை விட்டு இறக்கி, டீக்கடை முன்னால் மண்ணில் கொண்டுபோய் நிறுத்தினார். லாரிக்காரன் தலையை வெளியே நீட்டினான்.

"யோவ், எந்த ஊருய்யா நீ?"

திட்டுவதற்காகக் கேட்பதுதான் அது. எல்லோரும் கேட்பார்கள். ஆனால் இவர் அதற்குப் பதில் தேடுகிற மாதிரி அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆண்டிமடம் பக்கத்தில் பிறந்து, அரியலூர் கொட்டகையில் படம் பார்த்து வளர்ந்த மனிதர். லாரி போய்விட்டது.  டீக்கடையில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள்.

வண்டியை விட்டு இறங்கினார்.

"நீ ஓட்டு" என்றார்.

நான் ஆசைப்பட்டதுதான். ஆனால் இப்படி இல்லை. முன்னால் உட்கார்ந்தேன். அவர் பின்னால் ஏறினார். என் தோளில் கை வைப்பார் என்று நினைத்தேன். வைக்கவில்லை. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோய், கேரியர் கம்பியைப் பிடித்துக்கொண்டார். வழியில் லிப்ட் கேட்டு ஏறுகிற ஆம்பளைகள் அப்படித்தான் பிடித்துக்கொள்வார்கள். டவுனைத் தாண்டும் வரை முப்பதைத் தாண்டாமல் ஓட்டினேன். 

அந்த லீவு முழுக்க அவர் வண்டியின் முன்பக்கம் உட்காரவே இல்லை. என்னோடு கிராமம் கிராமமாகப் பின்னால் உட்கார்ந்து வந்தார். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொள்வார். "பின்னாடி யாரு நர்சம்மா, புது கம்பவுண்டரா?" என்று பெண்கள் கிண்டல் செய்வார்கள். "ஆமா, சம்பளம் இல்லாத கம்பவுண்டரு" என்பார் அவர். கொள்ளு பரப்பின ரோடு வந்தால் வழுக்கும் என்று இறங்கி, வண்டிக்குப் பக்கத்திலேயே நடந்து வருவார். ஒரு நாள் அப்படி இறங்கி ஏறும்போது கேரியர் கம்பிக்குப் பதிலாக என் தோளில் கை வைத்தார்.  திரும்பிப் பார்த்தால் எடுத்துவிடுவாரோ என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு கை அங்கேயே இருந்தது. ஆனால் கை தோளுக்கு வந்து சேர்ந்தபோது லீவு முடியும் நேரம் வந்துவிட்டது.

திரும்பிப் போகிற அன்று, வேன் வேண்டாம் என்று அண்ணனிடம் சொல்லிவிட்டார். பை ஒன்றுதான். வறுத்த முந்திரியும் ஊறுகாயும். அதை என் காலடியில் வைத்துக்கொண்டு கிளம்பினோம். அரியலூரிலிருந்து திருச்சி பஸ் பிடிக்க வேண்டும். வழியெல்லாம் என்னென்னவோ பேசிக்கொண்டு வந்தார். தாழ்ப்பாளை மாற்றியாகிவிட்டது, ஆனாலும் உள்ளே ஒரு கட்டையைச் சாத்தி வை என்றார். அடுத்த கேசட்டில் ரோட்டைப் பற்றி ஒன்றும் சொல்ல மாட்டேன் என்றார். சிரித்தேன். அரியலூர் நெருங்க நெருங்கப் பேச்சு குறைந்தது.

போர்டு வந்தது. இந்தப் பக்கத்துப் போர்டிலும் ஒட்டியிருந்த அந்தக் கண்ணீர் அஞ்சலிப் பெரியவரை மழை அழித்திருந்தது. முப்பது முழுசாகத் தெரிந்தது. நான் வேகத்தைக் குறைத்தேன்.

"டவுனுக்குள்ள வந்துட்டமா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

"ம்."

"இங்க முப்பதுதான?"

"முப்பதத் தாண்டக் கூடாது."

 தோளில் இருந்த கை லேசாக அழுத்தியது.

"கீழ போலாமா?"

"கீழ எவ்வளவு வேணாலும் போலாம். யாரும் புடிக்க மாட்டாங்க."

"அப்ப கீழயே போ."

"பஸ் போயிருமுங்க."

"நீ போயேன்."

குறைத்தேன். முள் இருபதுக்கு வந்தது. இன்னும் குறைத்தேன். சைக்கிளில் போகிறவர்கள் எங்களைத் தாண்டிப் போனார்கள். பள்ளிக்கூடப் பெண் ஒருத்தி திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். பின்னால் வந்த பஸ் ஹாரன் அடித்தது. ஓரமாக ஒதுங்கி வழி விட்டேன். இதற்கு மேல் குறைத்தால் காலை ஊன்ற வேண்டும் என்கிற அளவுக்குப் போனேன். அந்த நீளத்தில் ஒரு ரோட்டை நான் அதற்கு முன்பும் கடந்ததில்லை, பிறகும் கடந்ததில்லை. ஆனாலும் பஸ் ஸ்டாண்ட் வந்துவிட்டது.

திருச்சி பஸ் நின்றுகொண்டிருந்தது. பஸ் போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு ஏறினார். ஜன்னல் வழியாக, "நல்லா ஓட்டுற" என்றார். அவ்வளவுதான் சொன்னார். கண்டக்டர் விசில் அடித்தார்.

திரும்பி வரும்போது பின்சீட்டில் யாரும் இல்லாமல் வண்டி லேசாக இருந்தது. கொஞ்சம் திருகினாலும் துள்ளிக்கொண்டு ஓடியது. டவுன் எல்லையில் அந்தப் போர்டின் முதுகைக் கடந்தேன். இனி எந்த வேகத்தில் வேண்டுமானாலும் போகலாம். அழுதுகொண்டுதான் ஓட்டினேன், கண்ணைத் துடைக்க ஒரு கையை எடுக்க வேண்டியிருந்தது. விக்கிரமங்கலம் வரைக்கும் முள் இருபதைத் தாண்டவில்லை. சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் அந்த வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன்.